மருந்தும் மனையும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணி புரிபவர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் மருத்துவம் நிறைவு பெறும் என்பது அவர் கருத்து. இவற்றுள் முதல் மூன்றின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. மருந்து கண்டவர்களின் பெயர்களைப் பாடநூல்களில் படிக்கிறோம். புகழ்பெற்ற மருத்துவர்களுக்குச் சிலை எடுக்கிறோம். நான்காவது கூற்றின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விட்டது. கட்டிலின் அருகே பாய் விரித்துப் படுத்த தாயையும், சோற்றுத் தூக்கை ஏந்திக்கொண்டு பஸ் ஏறிய தமக்கையையும் எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

அந்த நான்காவது கூறு நம் நாட்டில் ஒரு காலத்தில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பின்னர் மெல்ல மெல்ல உள்ளே அழைக்கப்பட்டது. இந்த மாற்றத்தை மிகத் தெளிவாகக் காணக்கூடிய துறை மனநோய் மருத்துவம். அது நிகழ்ந்த ஊர்களுள் பெங்களூரும் ஒன்று. விவேக் நகரிலும், அதனை அடுத்த ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா முதலிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு 'நிம்ஹான்ஸ்' என்னும் பெயர் புதிதன்று. ஓசூர் சாலையில், விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே அந்த நிறுவனம் அமைந்திருக்கிறது. விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைகளில் திரண்டு வருவோருள், வீட்டில் நோயுற்றிருக்கும் ஒருவருக்காக வேண்டிக்கொள்ள வருவோரும் பலர். வேண்டுதலோடு நில்லாமல் நோயாளியின் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோரும் அவர்களே. அவர்கள் இன்று நோயாளியோடு உள்ளே செல்ல முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில், 1794-ஆம் ஆண்டில், சென்னையில் மனநோயாளருக்கென ஒரு காப்பகம் ஏற்பட்டது. அதன் வழிவந்த மருத்துவமனை 1871-ஆம் ஆண்டிலிருந்து கீழ்ப்பாக்கத்தில் இயங்கி வருகிறது. பெங்களூரில் 1847-ஆம் ஆண்டில் இத்தகைய காப்பகம் தோன்றியது. இவ்விடங்களுக்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர்களை இங்கே மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் இரக்கத்தைவிட அச்சமும் ஏளனமுமே மிகுந்திருந்தன என்பதை நாம் அறிவோம்.

அக்காலத்தில் மனநோயைத் தணிக்கும் மருந்து எதுவும் இல்லை. எனவே காப்பகத்தின் முதல் வேலை காவலாகவே இருந்தது. உயர்ந்த மதில், பூட்டிய கதவு, தனித்த அறை ஆகியவையே அதன் உறுப்புகள். 1912-ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டத்தின்படி, ஒருவரை உள்ளே சேர்ப்பதற்குப் பெரும்பாலும் நீதிபதியின் ஆணை வேண்டியிருந்தது. உறவினர் மனு எழுதிக் கொடுப்பார், ஆணை பிறக்கும், வாயிற் கதவு திறந்து மூடும். அத்துடன் உறவினரின் கடமை முடிந்ததாகக் கருதப்பட்டது. நோயாளி உள்ளே இருக்க, வீடு வெளியே நின்றது.

இதன் விளைவு எளிதில் விளங்கக்கூடியதே. முதல் ஆண்டில் மாதந்தோறும் பார்க்க வந்தவர்கள், அடுத்த ஆண்டில் தீபாவளிக்கு மட்டும் வருவார்கள். பிறகு கடிதம் வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். வீட்டில் தங்கையின் திருமணம் நடக்கும், பாகப்பிரிவினை நடக்கும், பெற்றோர் மறைவார்கள். உள்ளே இருப்பவருக்குக் குணமான நாளில், அவர் திரும்பிச் செல்வதற்கு வீடு என்று ஒன்று இராது. நோய் நீங்கியும் மருத்துவமனையிலேயே முதுமை அடைந்தவர்கள் இந்தியாவின் பழைய மனநோய் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இருந்தார்கள். அவர்களைக் கட்டி வைத்திருந்தது நோயன்று. அறுந்துபோன உறவே அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது.

காப்பகங்களின் பெயர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறின. பெங்களூர்க் காப்பகம் 1925-ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை ஆயிற்று. பெயர் மாறியபோதிலும் இடநெருக்கடி மாறவில்லை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழு 1946-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. நாடு முழுவதிலும் மனநோயாளருக்கு இருந்த படுக்கைகள் சுமார் 10,000 மட்டுமே. ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்ற கணக்கு அது. பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியரும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர். இக்குறையைப் போக்க எழுந்த முயற்சியின் பயனாக, 1954-ஆம் ஆண்டில் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அதனை அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் திறந்து வைத்தார். டாக்டர் எம். வி. கோவிந்தசுவாமி அதன் முதல் இயக்குநராக விளங்கினார். இந்நிறுவனமும் மாநில மனநோய் மருத்துவமனையும் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ஒன்றாயின. அதுவே இன்றைய நிம்ஹான்ஸ்.

இதற்கிடையில் இரண்டு செய்திகள் நிலைமையை மாற்றத் தொடங்கியிருந்தன. ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது; மற்றது நம் நாட்டிலேயே பிறந்தது.

பிரெஞ்சு நாட்டில் 1950-ஆம் ஆண்டின் இறுதியில் குளோர்புரோமசின் என்னும் பொருள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவர்கள் அதை மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொந்தளிப்பு அடங்கியது, காதில் ஒலித்த குரல்கள் குறைந்தன, ஆண்டுக் கணக்கில் பேசாதிருந்தவர் பேசத் தொடங்கினார். வீடு திரும்புதல் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பலருக்குப் பொருள் பிறந்தது. ஆனால் மருந்து உட்கொண்டு வீடு திரும்பியவர் அதை நாள்தோறும் தொடர வேண்டும். தொடரச் செய்வது யார்? நள்ளிரவில் உறக்கமின்றி எழுந்து உலாவுவதை முதலில் கவனிப்பது யார்? மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் இக்கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை.

விடை அமிர்தசரஸிலிருந்து வந்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு, 1950-ஆம் ஆண்டில், லாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளர்கள் எல்லை கடந்து அமிர்தசரஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் வித்யா சாகர். இடமோ குறைவு, ஆட்களோ குறைவு. அவர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களை அடித்து, நோயாளியோடு அவர்தம் குடும்பத்தாரையும் அங்கே தங்க வைத்தார். குடும்பத்தாரைக் கூட்டி உட்காரவைத்து, நோய் இன்னது, அதற்குக் காரணம் பேயுமன்று, முன்வினையுமன்று, அதைத் தணிக்க முடியும் என்று விளக்கிச் சொன்னார். ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தின் நோயாளி தேறுவதைக் கண்ணெதிரே கண்டது. நூறு உபதேசங்கள் தராத நம்பிக்கையை அந்த ஒரு காட்சி தந்தது. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். ஊருக்குச் சென்ற குடும்பத்தார் நோயைப் பற்றித் தாம் கற்றதைப் பிறருக்கும் எடுத்துரைத்தனர்.

தமிழகத்திலும் இவ்வழி தோன்றியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனநல மையம் 1957-ஆம் ஆண்டில் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அங்கே நோயாளியுடன் உறவினர் ஒருவரேனும் தங்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. அவர் நோயாளிக்கு வேண்டிய உணவைக் கவனிப்பார், உடன் உலாவுவார், மருந்தின் வேளையையும் அளவையும் கற்றுக்கொள்வார். நோய் மீண்டும் தலைகாட்டும்போது தோன்றும் அறிகுறிகளை அவர் செவிலியரிடமிருந்து அறிந்துகொள்வார். உறக்கம் குறைதல், உணவை வெறுத்தல், காரணமின்றி ஐயுறுதல், தனியே ஒதுங்கிப் போதல் ஆகியவற்றை வீட்டார் உணர்ந்து கொண்டால், நோய் முற்றுமுன் மருத்துவரிடம் வந்துவிடலாம் அல்லவா? வேலூரின் அனுபவம் 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. மேல்நாட்டு மருத்துவமனைகள் உறவினரை வாரம் ஒரு நாள் வந்து பார்த்துப் போகச் செய்த அக்காலத்தில், வேலூர் அவர்களை உடன் தங்க வைத்தது.

பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே ஒரு பாலமாக அமைந்தவர் டாக்டர் சாரதா மேனன். 1923-ஆம் ஆண்டில் மங்களூரில் பிறந்த இவ்வம்மையார், சென்னையில் மருத்துவம் பயின்று, பெங்களூர் அகில இந்திய மனநல நிறுவனத்தில் மனநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் சேர்ந்து, 1961-ஆம் ஆண்டில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1978-ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். நோயாளிகள் கைத்தொழில் பழகுவதும், வெளிநோயாளராக வந்து மருத்துவம் பெறுவதும் அவர் காலத்தில் வலுப்பெற்றன. ஓய்வு பெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. மனச்சிதைவு நோயுற்றோரின் மறுவாழ்வுக்கென 1984-ஆம் ஆண்டில் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், 98-ஆம் வயதில் மறைந்தார். மருந்தால் மட்டும் மனிதர் மீள்வதில்லை; வேலையும் உறவும் மதிப்பும் கிடைத்தாலன்றி மீட்சி முழுமை பெறாது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்.

நிம்ஹான்ஸிலும் குடும்பத்தார் உடன் தங்கும் பிரிவுகள் ஏற்பட்டன. குடும்பம் முழுவதையும் உட்காரவைத்துப் பேசும் சிகிச்சைமுறை அங்கே வளர்ந்தது. மறுவாழ்வுப் பிரிவில் ரொட்டி சுடுதல், தச்சு வேலை, தையல், நெசவு முதலியவை கற்பிக்கப்பட்டன. காலையில் குறித்த வேளைக்கு எழுந்து, குளித்து, தொழிற்கூடத்திற்குச் சென்று, மாலையில் களைத்துத் திரும்புதல் என்பது நலமாக இருப்போர்க்கு ஒரு பொருட்டன்று. நோயில் விழுந்து எழுந்தவருக்கோ அது ஒரு பெரிய வெற்றி.

உலக சுகாதார நிறுவனம் 1960-களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளரை ஒரே அளவுகோலால் ஆராயத் தொடங்கியது. நம் நாட்டின் சார்பில் ஆக்ரா அதில் இடம் பெற்றது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செல்வமும் மருத்துவ வசதியும் மிகுந்த நகரங்களைவிட, ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் நோயாளர் பலர் நன்கு தேறியிருந்தனர். அறிஞர்கள் வியந்தனர். கைவிடாத குடும்பமே இதற்குக் காரணம் என்று பலர் கருதினர். இந்த முடிவைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. ஆயினும் குடும்பத்தின் பங்கை எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

இவ்விடத்தில் நாம் பெருமையோடு நின்றுவிடலாகாது. குடும்பம் நலம் செய்வது போலவே தீங்கும் செய்யக்கூடும். இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியல் அறிஞரும் அவர்தம் தோழர்களும், மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களின் பிற்கால நிலையை 1950-களின் பிற்பகுதியில் ஆராய்ந்தனர். பெற்றோரிடமோ மனைவியிடமோ சென்றவர்களைவிட, வாடகை விடுதியில் தங்கியவர்கள் சிலர் நன்றாக இருந்தது அவர்களைத் திகைக்க வைத்தது. ஆராய்ச்சி தொடர்ந்தது. ஓயாமல் குறை கூறும் வீட்டிலும், பகைமை காட்டும் வீட்டிலும், ஒவ்வோர் அசைவையும் கண்காணித்து மூச்சுத் திணற வைக்கும் வீட்டிலும் நோய் மீண்டும் எளிதில் வருகிறது என்பது புலனாயிற்று. சண்டிகரில் நடந்த ஆராய்ச்சி 1987-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, இத்தகைய வீடுகள் லண்டனைவிட அங்கே குறைவு என்று தெரிந்தது. குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளன்று. 'சோம்பேறி', 'நடிக்கிறாய்', 'உன்னால்தான் குடும்பத்துக்கு இந்த நிலை' என்ற சொற்கள் தமிழ் வீடுகளிலும் ஒலிக்கின்றன. அச்சொற்கள் மருந்தின் பயனைக் கெடுக்கின்றன.

அப்படிப் பேசுவோர் எல்லாரும் கொடியவர்களா? இல்லை, பெரும்பாலோர் களைத்துப் போனவர்கள். இந்த உண்மையை ஏட்டில் ஏற்றிய ஊர் பெங்களூர் என்பது நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஷைலா பை, ஆர். எல். கபூர் ஆகிய இருவரும், நோயாளியைப் பேணும் குடும்பம் சுமக்கும் பாரத்தை அளப்பதற்கென ஒரு கேள்வி முறையை வகுத்து 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குடும்பத்தின் வருவாய் எவ்வளவு குறைந்தது? அன்றாட வேலைகள் எவ்வாறு தடைப்பட்டன? ஓய்வும் பொழுதுபோக்கும் என்னவாயின? வீட்டாருக்குள் பேச்சு வார்த்தை எப்படி இருக்கிறது? மற்றவர்களின் உடல்நலம் எப்படி? மனநலம் எப்படி? இவையே அவர்கள் கேட்டவை. அதுவரை மருத்துவர் நோயாளியை மட்டுமே விசாரித்தார். இப்போது அருகில் நின்றவரும் விசாரிக்கப்பட்டார்.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. நோயாளர் 27 பேரை மருத்துவமனையில் சேர்த்தும், மற்றொரு 27 பேரை வீட்டிலேயே வைத்துச் செவிலியர் ஒருவர் சென்று பார்த்து வருமாறு செய்தும், ஆறு மாத காலம் ஒப்பிட்டு நோக்கினர். வீட்டில் இருந்தவர்களின் நோய் நன்கு தணிந்தது; அவர்கள் வேலைகளிலும் பழக்கங்களிலும் முன்னேறினர்; குடும்பத்தின் பாரமும் குறைந்தது; செலவும் குறைந்தது. வீடு மட்டும் அந்தப் பயனைத் தரவில்லை. வீட்டிற்குத் துணையாகத் தவறாமல் வந்துபோன அந்தச் செவிலியரும் சேர்ந்தே தந்தார். குடும்பத்தை நம்புவது வேறு. எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கிக் கொள்வது வேறு.

இரண்டாவது வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. நோயாளர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் அன்பற்றவர்கள் என்று நாம் கூறத் துணியோம். பல ஊர் மருத்துவமும் பார்த்து, கைப்பொருள் இழந்து, வேறு வழி தெரியாமல் நின்ற குடும்பங்களும் அவற்றுள் உண்டு. அருகில் மருத்துவர் இல்லை, வந்து பார்க்கச் செவிலியர் இல்லை, ஆறுதல் சொல்ல அயலாரும் இல்லை என்றால், தாயின் கையும் ஒரு நாள் தளர்ந்து போகும். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 1987-இல் வந்த சட்டமும் பின்னர் மாற்றப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2018-இல் அது நடைமுறைக்கு வந்தது. நோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. சமூகத்தின் நடுவே வாழும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதை அவரே எழுதிக் குறிக்கலாம். அவர் இரத்த உறவினராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்தக் கடைசிச் செய்தி பெரிதும் பயன்படுவது. சொந்த ஊரில் ஒருவர் நோயுற்றால், பாட்டியும் சித்தியும் மாமனும் அடுத்த வீட்டாரும் பாரத்தைப் பங்கிட்டுக் கொள்வதுண்டு. விவேக் நகரில் இரண்டு அறை வீட்டில் வாழும் குடும்பத்திற்கு அந்த வசதி ஏது? கணவன் வேலைக்குச் சென்றாக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். நான்காவது கூறு முழுவதும் ஒரே ஒருவரின் தோளில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளில், வந்து விழுகிறது. அயலார் அறிந்தால் இழுக்கு என்று அஞ்சி அவர் வாய் திறப்பதில்லை. சில வீடுகளில் நோயாளியை ஊருக்கு அனுப்பிவிட்டு, பணம் மட்டும் அனுப்புகிறார்கள். மருத்துவம் அறுபடுகிறது, உறவும் அதைத் தொடர்ந்து அறுபடுகிறது. பழைய மதில் இடிந்த பின்பும் புதிய மதிலை நாமே எழுப்புவதற்கு இது ஒப்பாகும்.

அமிர்தசரஸின் கூடாரங்களில் தங்கியவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். துன்பத்தால் அயலவரானார்கள், அயலவரானபின் துணையானார்கள். பெங்களூரின் தமிழ்த் தெருக்களிலும் அது இயலாத காரியமன்று. மருத்துவமனையில் சீட்டு எடுக்க வரிசையில் நிற்பதற்கு ஒருவர், பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்ள ஒருவர், மாதம் ஒரு நாள் நோயாளியோடு அமர்ந்து பேசிக்கொண்டிருக்க ஒருவர் என்று பகிர்ந்து கொண்டால், பேணுபவர் ஓர் இரவேனும் நிம்மதியாக உறங்குவார். மனத்தின் வேதனையைத் தாய்மொழியில் சொல்லும்போதுதான் அது முழுமையாக வெளிவரும். கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராத முதியவருக்குத் துணைசென்று, அவர் சொற்களை மருத்துவருக்கு எடுத்துரைப்பதும் ஒரு மருத்துவப் பணியே. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் அச்சேவைக்குத் தலைமை மையமாக விளங்குகிறது. நோயாளர் மட்டுமன்றி அவரைப் பேணுபவரும் அந்த எண்ணை அழைக்கலாம் என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

நம் தெருவில் யாரேனும் நெடுநாள் நோயிலிருந்து மீண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டால், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பது நம் வழக்கம். அவரைப் பேணுபவரிடம், 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக. பெங்களூரில் 1981-ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி அது. அதற்கு வரும் விடையைப் பொறுமையோடு கேட்டிருந்து, நம்மால் இயன்ற ஒரு வேலையை அவர் கையிலிருந்து வாங்கிக் கொள்வோமாக.